திருத்தாமல் வந்த தாள்

ஸ்லிப்பக்காவுக்கு இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு ஸ்லிப்கூடத் தப்பானதில்லை. ரத்தப் பரிசோதனைக்கூடத்தின் முன்மேஜையில் உட்கார்ந்து, குழாயில் ஒட்டுகிற சீட்டில் பேர், வயசு, எண் எழுதுவது அவள் வேலை. ஒரு எழுத்து மாறினால் போதும், ஒருவருடைய சர்க்கரை இன்னொருவர் தலையில் ஏறிவிடும். கம்ப்யூட்டர் வந்து, அச்சடிக்கிற மெஷினும் வந்தாயிற்று. ஆனாலும் மாதத்தில் நாலு நாள் அது படுத்துக்கொள்ளும்போது, "அக்கா, நீங்களே எழுதிடுங்க" என்று எல்லோரும் அவளிடம்தான் ஓடி வருவார்கள். அப்படி வந்த பேர் அது. அவளுடைய சொந்தப் பேரைச் சபைப் பதிவேட்டில் பார்த்தால்தான் உண்டு.

கணவர் இறந்து நாலு வருஷமாக அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. அழுகை வரவில்லை என்று மட்டும் இல்லை, சிரிப்பும் வரவில்லை. பக்கத்து மேஜைப் பெண் ஜோக் சொன்னால் எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, மரியாதைக்கு ஒரு சிரிப்பு சிரித்து வைப்பாள். போன வருஷம் கடைவாய்ப் பல் சீழ் பிடித்து முகம் வீங்கியது. "இவ்வளவு நாள் எப்படித் தாங்கினீங்க?" என்று பல் டாக்டர் கேட்டார். வலித்ததா என்று அவளுக்கே சரியாக நினைவில்லை. கால் மரத்துப்போனால் உதறினால் சரியாகிவிடும். மனசை எங்கே பிடித்து உதறுவது?

ஊருக்குத் தெரிந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நல்ல மழை. பழைய சாமான் கடையில் வாங்கிய பீரோவை அவள் தம்பியின் வேனில் ஏற்றி, அவள் கணவரும் தம்பியும் வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். வழியில் தம்பி கண் அசந்துவிட்டான். நின்றிருந்த லாரியில் வேன் மோதியது. அவர் உட்கார்ந்திருந்த பக்கம் மட்டும் அப்பளமாக நொறுங்கியது. தம்பிக்கு நெற்றியில் ஏழு தையல். "தூங்கிட்டேன் சார், என் தப்புதான்" என்று போலீசிடம் அவனே சொன்னான். எட்டு மாதம் உள்ளே இருந்தான், லைசென்சும் போயிற்று.

ஊருக்குத் தெரியாத கதை இது. அவன் தூங்கவில்லை, ஃபோனில் பேசிக்கொண்டிருந்தான். கூப்பிட்டது அவள். கணவருடைய ஃபோன் வீட்டில் சார்ஜில் கிடந்ததால் தம்பியைக் கூப்பிட்டாள். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்தான். "எத்தனை தடவைடா கூப்பிடறது? காது கேக்கலையா?" என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் அவள் பேசவில்லை, சத்தத்தைத்தான் கேட்டாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு முடித்த நிமிஷத்திலிருந்து அவள் இப்படித்தான் இருக்கிறாள்.

ஃபோன் செய்ததை நான் பாவம் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வர நேரமானால் ஃபோன் செய்யாத பெண்டாட்டி எங்கே இருக்கிறாள்? அடுத்து அவள் செய்ததுதான் பாவம். ஃபோனிலிருந்து அந்த அழைப்பை அழித்தாள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில், சபையே நின்று பார்த்துக்கொண்டிருக்க, நெற்றிக் கட்டோடு வந்து நின்ற தம்பியைப் பார்த்து, "இனிமே என் முகத்துல முழிக்காதே" என்றாள். அவன் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனான். கூப்பிட்டது யார் என்று தெரிந்த ஒரே ஆள் அவன்தான், அவனும் வாயைத் திறக்கவில்லை. உப்புத் தின்றவள் ஒருத்தி, தண்ணீர் குடித்தவன் இன்னொருவன்.

அவன் வெளியே வந்ததும் சபையில் சங்கடம். மூப்பர்கள் கூடிப் பேசி, ஏழு மணி முதல் ஆராதனை அக்காவுக்கு, பத்து மணி இரண்டாம் ஆராதனை தம்பிக்கு என்று வாயால் சொல்லாமலே ஏற்பாடு செய்தார்கள். சமாதானத்தைப் பற்றி வாரம் தவறாமல் பிரசங்கம் கேட்கிற சபை, மணி பார்த்துப் பிரித்து வைத்தது. எல்லோருக்கும் அது வசதியாகவும் இருந்தது.

இந்த வருஷத் தொடக்கத்தில் அவள் போதகரைப் பார்க்கப் போனாள்.

"பாஸ்டர், எனக்கு எதுவும் உள்ளே போகல. பாட்டு பாடறேன், வாய்தான் பாடுது. ஜெபம் பண்றேன், யாரோ பேருக்கு ஸ்லிப் எழுதற மாதிரி இருக்கு. மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்க முடியுமான்னு பாக்கறேன்."

"தம்பி மேல இன்னும் கோபமாம்மா?"

"கோபம்கூட இல்ல."

அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. டாக்டரிடம் போய் வலிக்கிற இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தையெல்லாம் காட்டுகிறவர்கள் உண்டு. போதகர் பாவம், காட்டிய இடத்துக்குத்தானே மருந்து போட முடியும்?

"எழுதுங்கம்மா. வேதத்தைக் கையால எழுதிப் பாருங்க. கல்லும் கரையும்" என்றார்.

சபை அப்போது ஒரு வேலையில் இறங்கியிருந்தது. முழு வேதத்தையும் ஆளுக்கொரு பகுதியாகக் கையால் எழுதி, தைத்து, பீடத்தில் வைப்பது. புது ஆரம்பம் என்று அதற்குப் பேரும் வைத்திருந்தார்கள். முதல் ஆராதனைக்காரர்கள் எழுத வேண்டும், இரண்டாம் ஆராதனைக்காரர்கள் சரிபார்க்க வேண்டும். எழுதியவர் யார், பார்த்தவர் யார் என்று ஒருவருக்கொருவர் தெரியக் கூடாது, உறையில் எண் மட்டும்தான் இருக்கும். அடித்தல், ஒட்டுப் போடுதல் கிடையாது. ஒரு புள்ளி விட்டுப்போனாலும் முழுத் தாளையும் திரும்ப எழுத வேண்டும். வசன எண்களும் வேண்டாமென்று ஒரு மூப்பர் பிடிவாதம் பிடித்தார். "ஆண்டவர் பேசும்போது ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டா பேசினார்?" என்று அவர் கேட்டார், எண்களை எடுத்துவிட்டார்கள்.

சீட்டுக் குலுக்கியதில் இயேசு மலைமேல் உட்கார்ந்து பேசிய மூன்று அதிகாரங்கள் அவளுக்கு விழுந்தன. பதினாலு தாள். விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, வேலைக்குக் கிளம்பும்வரை எழுதினாள். உப்பைப் பற்றி எழுதினாள், விளக்கைப் பற்றி எழுதினாள். சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருந்தால் காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்று சொல்கிற இடத்தையும் எழுதினாள். எழுத்து முத்து முத்தாக வந்தது. எழுத்து அழகாக வருவதற்கும் அர்த்தம் உள்ளே போவதற்கும் சம்பந்தமே இல்லை என்பது அவளைப் பார்த்தால் தெரியும்.

சரிபார்த்தவர் யாரோ, கண்ணுள்ள ஆளாக இருந்தார். இரண்டாம் தாளில் ஒரு புள்ளி விட்டுப்போனதற்குப் பென்சிலில் மெல்லிய கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார். ஐந்தாம் தாளில் ஒரு காற்புள்ளி. ஆறாம் தாளில் 'ர' இருக்க வேண்டிய இடத்தில் 'ற'. அவளுக்குக் கோபம் வரவில்லை, மரியாதைதான் வந்தது. ஏறக்குறைய மரியாதை என்று சொல்லலாம், உணர்ச்சி என்று அவளிடம் மிச்சமிருந்தது அவ்வளவுதான். ஒவ்வொரு தாளையும் திரும்ப எழுதிக் கொடுத்தாள். எட்டாம் தாள் கோடு எதுவும் இல்லாமல் வந்தது. அதற்குப் பிறகு எல்லாமே சுத்தமாக வந்தன.

தைப்பதற்கு முந்தின சனிக்கிழமை, கடைசித் தாளில் கையெழுத்துப் போட வரச் சொன்னார்கள். சபை அலுவலகத்து பெஞ்சில் உட்கார்ந்து, பரிசோதனைக்கூடத்துப் பழக்கத்தில், அச்சுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்த்தாள். எட்டாம் தாளில் விரல் நின்றது.

ஒரு வரி இல்லை. ஜெபம் பண்ணச் சொல்லிக் கொடுத்து முடிந்ததும் வருகிற இடம் அது. அடுத்தடுத்து இரண்டு வரிகள், இரண்டும் ஒரே மாதிரி தொடங்கும். பிறர் தப்பை நீங்கள் மன்னித்தால் உங்கள் தப்பும் மன்னிக்கப்படும் என்பது முதல் வரி. மன்னிக்காவிட்டால் உங்களுக்கும் மன்னிப்பில்லை என்பது இரண்டாவது. முதலாவதை எழுதியிருக்கிறாள். இரண்டாவதைத் தாண்டி, உபவாசத்தைப் பற்றிய வரிக்குப் போய்விட்டாள். கண் தாவியதா, கை தாவியதா என்று என்னைக் கேட்காதீர்கள். அவளைக் கேட்டாலும் சொல்லத் தெரியாது.

முதலில் அவளுக்கு வெட்கமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வரியே விட்டதில்லை! பிறகு யோசித்தாள். புள்ளியைப் பிடித்த ஆள் வரியை எப்படி விட்டான்? புள்ளியைப் பிடித்தவன் வரியை விட மாட்டான். பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு வேண்டுமென்றே கோடு போடாமல் அனுப்பியிருக்கிறான்.

"பாஸ்டர், என் தாளைச் சரிபார்த்தது யாரு?"

"அது சொல்லக் கூடாதும்மா. விதி."

"ஒரு வரி போயிருக்கு பாஸ்டர்."

போதகர் பதிவேட்டை எடுத்து விரலால் தேடினார். விரல் நின்ற இடத்தில் அவர் முகமும் நின்றது. "சத்தியமா சீட்டுக் குலுக்கித்தான் போட்டோம்மா" என்றார். அதற்கு மேல் அவர் பேர் சொல்லத் தேவையிருக்கவில்லை.

எட்டாம் தாளையும் வெறுந்தாள் ஒன்றையும் அட்டைக்குள் வைத்து, அச்சுப் புத்தகத்தோடு பையில் போட்டுக்கொண்டு நடந்தாள். தம்பியின் கடை அவள் வேலைக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது. நாலு வருஷமாக அந்த இடம் வந்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். வண்டி ஓட்ட முடியாமல் போன பிறகு அவன் கற்றுக்கொண்ட தொழில், மோட்டார் காயில் கட்டுவது. கடை முழுக்க வயிறு பிளந்த மிக்ஸிகளும் இறக்கை இல்லாத ஃபேன்களும். செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான், உதடு எண்ணிக்கொண்டிருந்தது. வந்தது யாரென்று பார்க்காமலே, 'பொறுங்க' என்று ஒரு விரலைத் தூக்கினான். எண்ணிக்கை தவறினால் மோட்டார் புகைந்துவிடும். பிறகு நிமிர்ந்து பார்த்தான். எண்ணிக்கை போயிற்று.

"எண்ணி முடி" என்றாள். நாலு வருஷத்துக்குப் பிறகு அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"போச்சு. பரவால்ல, மறுபடி எண்ணிக்கலாம்."

தாளை மேஜையில் வைத்தாள். அவன் குனிந்து பார்த்தான், தொடவில்லை. கையெல்லாம் கிரீஸ்.

"இதுல ஒரு வரி இல்ல."

"ஆமா."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"புள்ளிக்குக் கோடு போட்ட. வரிக்குப் போடல."

அவன் கந்தலை எடுத்துக் கையைத் துடைத்தான். தேவைக்கு மேல் துடைத்தான்.

"முதல் தாளைப் பாத்ததுமே நீன்னு தெரிஞ்சுபோச்சுக்கா. என் ஸ்கூல் நோட்டு எல்லாத்துலயும் பேர் எழுதினது நீதானே. இன்னொருத்தர்கிட்ட மாத்திக் குடுத்துடலாம்னு நினைச்சேன். அப்புறம் குடுக்கல. வாரம் ரெண்டு தாள் உன் எழுத்து வரும், அதை ஏன் விடணும்னு இருந்துச்சு." கந்தலை மடித்து வைத்தான். "எட்டாவது தாள் வந்தப்பத்தான் மாட்டிக்கிட்டேன். அந்த வரிக்கு நான் கோடு போட்டா, என்னை மன்னிச்சிடுன்னு நான் கேக்கற மாதிரி ஆயிடும்."

"கேட்டா என்ன?"

"அது மட்டும் இல்ல. நீயும் கேக்க வேண்டியிருக்குன்னு குத்திக் காட்டற மாதிரியும் ஆயிடும். ரெண்டும் வேணாம்னு விட்டுட்டேன்."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"முழுத் தாளும் எழுதணும். நீ படி, நான் எழுதறேன்."

அவன் பின்பக்கக் குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தான். அச்சுப் புத்தகத்தை வாங்கிப் பக்கத்தைத் திருப்பினான். எட்டாம் தாளின் முதல் வார்த்தையிலிருந்து படித்தான். நாலைந்து வார்த்தை சொல்லி நிறுத்துவான். அவள் எழுதி முடித்து "ம்" என்றதும் அடுத்தது சொல்வான். நடுவில் மேஜைமேல் அவன் ஃபோன் அடித்தது. அடித்து ஓய்கிறவரை இரண்டு பேரும் அசையாமல் இருந்தார்கள். ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து படித்தான்.

மன்னித்தால் என்கிற வரியைச் சொன்னான். எழுதினாள். "ம்" என்றாள். அவன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.

"படி."

படித்தான். அவள் எழுதினாள். மற்ற வரிகளைப் போலவே அதுவும் முத்து முத்தாக வந்தது. தாளின் அடிவரை எழுதி முடித்து, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"அந்த ஃபோன் பண்ணது நான்."

"எனக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரியும். நான் வாயால சொன்னதில்ல. நாளைக்குப் பத்து மணி ஆராதனைக்கு வர்றேன். சாட்சி சொல்ற நேரத்துல எழுந்து சொல்லப் போறேன். நீ தூங்கலைன்னும் சொல்லுவேன்."

"இனிமே எதுக்குக்கா? உன்னைத்தான் ஒரு மாதிரி பாப்பாங்க."

"பாக்கட்டும். நாலு வருஷம் உன்னைப் பாத்தாங்கல்ல?"

"எடுத்தது நான்தானே. வண்டியை ஓரங்கட்டிட்டு எடுத்திருக்கணும்."

"அது உன் கணக்கு. நான் என்னோடதைச் சொல்றேன்." பரிசோதனை முடிவை வாசிப்பதுபோல் சொன்னாள். "என்னை மன்னிச்சிடுடா."

"சரிக்கா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். உள்ளே இருக்கும்போதே அதை முடிச்சிட்டேன்."

பாரம் இறங்கும் என்பார்கள். சாட்சி சொல்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், மூட்டை இறங்கியது, வெளிச்சம் வந்தது என்று. அவளுக்கு ஒன்றும் இறங்கவில்லை. செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று என்று மட்டும் இருந்தது, மின்சாரக் கட்டணம் கட்டிவிட்டு வருகிறபோது இருப்பதுபோல. தாளின் மை காய ஊதினாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான் அவன். "நாலு வருஷமா வெச்சிருக்கேன். நீ பக்கத்துல வந்தாத்தானே சொல்ல முடியும்?"

அவள் ஊதுவதை நிறுத்தினாள்.

"ரெண்டு தடவை நீ கூப்பிட்டப்ப நான் எடுக்கல. மழை, ரோடே தெரியல. அத்தானாலயும் எடுக்க முடியல. பீரோக் கதவுக் கண்ணாடியைக் கழட்டி மடியில வெச்சிருந்தார், உடையக் கூடாதுன்னு ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தார். மூணாவது தடவை அடிச்சப்ப, 'அக்கா திட்டுவா அத்தான், வீட்டுக்குப் போய் வாங்கிக்கலாம்'னு சொன்னேன். அவர்தான் எடுக்கச் சொன்னார்."

"என்ன சொன்னார்?"

"'எடுடா. அவ மூணாவது தடவை கூப்பிட்டா அது கோபம் இல்ல, பயம். நம்ம குரலைக் கேட்டா அடங்கிடுவா'ன்னார். சொல்லிட்டுச் சிரிச்சார். அதுக்கப்புறம்தான் ஸ்பீக்கர்ல போட்டு எடுத்தேன். போலீஸ்ல இதைச் சொன்னா பழியைச் செத்தவர் மேல போட்ட மாதிரி ஆயிடும். அதான் சொல்லல."

அவளுக்கு வலித்தது. நெஞ்சுக்கூட்டுக்கு நடுவில் ஆரம்பித்து, தொண்டைக்கு ஏறி, தாடைவரை வலித்தது. பல் டாக்டர் அன்றைக்குக் கேட்டாரே, அந்த வலியும் சேர்ந்து வந்ததுபோல் இருந்தது. அவர் சாகிற நிமிஷத்தில் காதில் விழுந்தது தன்னுடைய திட்டு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அவருக்கு அது திட்டாகவே கேட்டிருக்காது. தெரிந்த ஒரே ஆளை முகத்தில் முழிக்காதே என்று விரட்டிவிட்டு, நாலு வருஷம் எதிர்ப்பக்கம் நடந்திருக்கிறாள். முட்டாள், முட்டாள் என்று தன்னைத் திட்டிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. விழுந்து மை கலையக் கூடாதென்று தாளைத் தள்ளி வைத்தாள்.

"இன்னொரு தடவை சொல்லு."

அவன் புத்தகத்தைப் பார்த்தான். "எதை, அந்த வரியையா?"

"இல்ல. அவர் சொன்னதை." மூக்கை உறிஞ்சினாள். "மெதுவா சொல்லு."

அவன் புத்தகத்தை மூடிக் கீழே வைத்தான். எழுதுகிறவருக்குப் படிப்பதுபோல, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னான். ஒவ்வொரு வார்த்தைக்கும் அவள் "ம்" என்றாள்.